கை காட்டினால் நிற்க வேண்டுமா?

2019 மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பழைய புல்லட் ஒன்றை வாங்கி நான்காவது நாள். தொப்பூரிலிருந்து மேட்டூர் போகும் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஏழெட்டுப் பெரிய பைக் வண்டிகள், எல்லாம் கர்நாடகப் பதிவெண். முன்னால் வந்தவர் என்னைப் பார்த்து இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கினார். அவருக்குப் பின்னால் வந்தவரும் தூக்கினார். அடுத்தவரும். நான் பிரேக் பிடித்து, வண்டியைப் புளியமரத்தடியில் ஓரங்கட்டி, இறங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். டயரில் காற்று சரியாக இருந்தது. பையின் வார் எதுவும் தொங்கவில்லை. சைடு ஸ்டாண்டு எடுத்துத்தான் இருந்தது. முன்னால் விபத்து ஏதும் ஆகியிருக்குமோ என்று மெல்ல ஓட்டிப் போனேன். ஒன்றும் இல்லை. மேட்டூரில் டீக்கடையில் நின்ற இன்னொரு புல்லட்காரத் தம்பியிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. அது வணக்கம்.

நான் சேலத்தில் மெடிக்கல் ரெப். புல்லட் வாங்குவதற்கு முன் பதினோரு வருடம் ஒரு 100 சிசி வண்டியில் ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல், தர்மபுரி என்று தினமும் நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டியவன். அந்தப் பதினோரு வருடத்தில் முன்பின் தெரியாத ஒருவர் சாலையில் எனக்கு வணக்கம் சொன்னதில்லை. ஆனால் கை காட்டியவர்கள் எத்தனையோ பேர். பள்ளிக்கு லிஃப்ட் கேட்ட பையன்கள், மாட்டை ஓட்டிக்கொண்டு சாலையைக் கடக்க நின்ற அம்மா, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர், போலீஸ்காரர். நம் ஊரில் கை காட்டினால் ‘நில்’ என்று பொருள். கை காட்டுகிற இடத்தில் பஸ் நிற்கும். வழி சொல்லும் பலகைக்கே கைகாட்டி என்றுதான் பெயர். இப்படி நெடுநாளாய் ஒரு பொருள் ஊறிப்போன கைக்கு, பெரிய வண்டிக்காரர்கள் இன்னொரு பொருளைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே சாலையில் ஓடும்போது என்ன குழப்பம் வரும் என்பதைப் பிறகு நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பாடம் ஏற்காட்டில். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மழை விட்ட ஒரு காலையில் இறங்கி வந்துகொண்டிருந்தேன். ஒரு வளைவுக்குச் சற்று முன்னால் எதிரே ஏறி வந்த புல்லட்காரர் கையைத் தூக்கினார். அதற்குள் எனக்கும் பழகிப்போயிருந்தது; பதிலுக்கு நானும் இடது கையைத் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் வளைவில் மழைநீர் அடித்துக்கொண்டு வந்து பரப்பியிருந்த மணலைப் பார்த்தேன். கை மேலே இருக்கிறது, வலது கை மட்டும் ஹேண்டிலில். பதற்றத்தில் முன் பிரேக்கை அழுத்தினேன். ஒரு கைப் பிடியில் முன் பிரேக் போட்டால் ஹேண்டில் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். முன் சக்கரம் மணலில் சறுக்கி, வண்டி சாய்ந்து, கிராஷ் கார்டு தடுப்புச் சுவரில் உரசி நின்றது. என் முட்டியில் தோல் போனதோடு சரி. பின்னால் வந்த பஸ் இருபதடி தள்ளி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி ஓடி வந்து வண்டியைத் தூக்கிக் கொடுத்தார். “யாருக்கு சார் கையக் காட்டுனீங்க?” என்று கேட்டார். எனக்கு வணக்கம் சொன்னவர் எனக்கு ஆனது தெரியாமலே மேலே போய்விட்டிருந்தார்.

அன்று இரவு முட்டிக்கு மருந்து போட்டுக்கொண்டே யோசித்தேன். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். எதிரே வருபவர் நமக்கு வலப்பக்கம். வலது கையில் ஆக்சிலரேட்டரும் முன் பிரேக்கும் இருப்பதால் அதை எடுக்கவே முடியாது. எடுக்க முடிந்தது இடது கை மட்டும்தான்; அதுவோ எதிரே வருபவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. உடம்பையும் டேங்கையும் தாண்டி அவர் கண்ணில் பட வேண்டுமானால் தோளுக்கு மேல் உயர்த்தித்தான் ஆக வேண்டும். உயர்த்தினால் அது ‘நில்’ என்பது போலவே தெரிகிறது.

பாரிஸில் இருக்கும் என் மச்சான் அங்கே வண்டி ஓட்டுகிறான். அவனிடம் இதைச் சொன்னபோது, “எங்களுக்கு அந்தக் கஷ்டமே இல்ல மாமா” என்றான். அங்கே வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். எதிரே வருபவர் இடக்கைப் பக்கம் வருகிறார். கையைத் தூக்காமல், ஹேண்டிலுக்குப் பக்கத்திலேயே தாழ இரண்டு விரலை நீட்டினால் போதும், தெரிந்துவிடும். வழிவிட்ட காருக்கு நன்றி சொல்ல வலது காலை நீட்டிக் காட்டுவார்களாம், கை ஆக்சிலரேட்டரை விட முடியாதே என்று. இங்கே யாராவது அப்படிக் காலை நீட்டினால், கூட்டமாகப் போகிறவர்கள் ‘அந்தப் பக்கம் பள்ளம்’ என்று எடுத்துக்கொள்வார்கள். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் இங்கிலாந்தில் தலையை மட்டும் அசைப்பார்கள். காரணம் இதுதான், வேறு நாகரிகம் ஒன்றும் இல்லை. ஊருக்குத் தகுந்த சாலை, சாலைக்குத் தகுந்த வணக்கம்.

அன்றிலிருந்து நான் தலையசைப்புக்கு மாறினேன். ஹெல்மெட்டோடு சேர்த்து ஒரே ஒருமுறை மெல்லக் குனிந்து நிமிர்வது. இரண்டு கையும் ஹேண்டிலில், கண் சாலையில். நேரான சாலை, பின்னால் வண்டி இல்லை, வேகம் குறைவு என்றால் மட்டும் கிளட்ச் பக்கம் இரண்டு விரலைச் சற்றே உயர்த்துவேன். வளைவிலோ, பாலத்திலோ, மழையிலோ, டவுனுக்குள்ளோ எதுவும் இல்லை. பதில் வரவில்லை என்று யாராவது வருத்தப்பட்டால் படட்டும். ஒரு கணக்கு சொல்கிறேன். இருவரும் 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வந்தால், ஒரு நொடிக்கு 33 மீட்டர் இடைவெளி குறைகிறது. எதிராளியை அடையாளம் கண்டு, கையைத் தூக்கி, இறக்கி, மறுபடி பிடியைப் பற்றுவதற்குள் நாம் மட்டுமே முப்பது மீட்டர் தாண்டியிருப்போம். அந்த முப்பது மீட்டரில் ஒரு நாய் குறுக்கே வரலாம். பதில் தராத வண்டிக்காரர் திமிர் பிடித்தவர் என்று நினைக்கிற புதுப் பையன்களுக்கு இதைத்தான் சொல்வேன்: அவர் அந்த நேரத்தில் கிளட்சைப் பிடித்திருக்கலாம்.

நான்குவழிச் சாலையில் நடுவே அரளிச் செடி நிற்கிறது. அந்தப் பக்கம் போகிறவருக்கு வணக்கம் சொல்ல எட்டிப் பார்க்கவே வேண்டாம். ஹை பீம் அடித்து வணக்கம் சொல்வதையும் விட்டுவிடுங்கள். நம் சாலையில் எதிர் வண்டி லைட்டை அடித்தால் ‘நான் வருகிறேன், நீ ஒதுங்கு’ என்றுதான் பொருள். இரவில் அது கண்ணைக் கூசவைத்து ஆளையே சாய்த்துவிடும்.

இடது கை நன்றாகப் பயன்படும் இடம் ஒன்று உண்டு. அது நமக்குப் பின்னால் இருப்பவருக்கு. மலைப்பாதையில் லாரி டிரைவர் ஒதுங்கி, ஜன்னல் வழியே கையை ஆட்டி ‘போ’ என்கிறார். முந்திப் போய் நம் பக்கத்துக்கு வந்து, சாலை நேராக இருக்கிறது என்று பார்த்த பிறகு, இடது கையை ஒருமுறை உயர்த்தினால் அவருக்குத் தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் அவரும் ஒரு சின்ன ஹாரன் கொடுப்பார். அந்த ஹாரனுக்காகவே நான் கொல்லிமலையின் 70 வளைவுகளையும் பொறுமையாக ஏறுவேன். ஆனால் லாரியின் வலது இண்டிகேட்டரை மட்டும் நம்பாதீர்கள். சிலர் ‘முந்திக்கோ’ என்று போடுகிறார்கள், சிலர் உண்மையிலேயே வலப்பக்கம் திரும்பப் போடுகிறார்கள். கை ஆடும்வரை காத்திருங்கள். கை ஆடினாலும் உங்கள் கண்ணால் சாலையைப் பார்த்துவிட்டே போங்கள்.

புல்லட் வந்த பிறகும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பழைய வண்டியில்தான் வேலைக்குப் போகிறேன். அதே சாலை, அதே ஆள், அதே ஹெல்மெட். பழைய வண்டியில் போகும்போது பெரிய வண்டிக்காரர் ஒருவர்கூடத் தலையசைப்பதில்லை. இது எனக்கு உண்மையிலேயே உறுத்தியது. வணக்கம் ஆளுக்கா, வண்டிக்கா? நான் எல்லாருக்கும் தலையசைக்கத் தொடங்கினேன், பால்கேன் கட்டிய எக்ஸ்எல்லுக்கும், துணிமூட்டை ஏற்றிய மொபெட்டுக்கும். அதில் ஒன்றைக் கற்றேன். ராசிபுரம் பக்கம் ஒரு பெரியவர், நான் தலையசைத்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார். “யாருங்க தம்பி, அடையாளம் தெரியலீங்களே” என்றார். நம் ஊரில் தலையசைப்பு தெரிந்தவருக்கானது. அவரை அலைக்கழித்துவிட்டேனே என்று ஆகிவிட்டது. “சும்மா வணக்கம் சொன்னேங்கய்யா” என்றேன். சிரித்துவிட்டு, “அதுக்கென்ன, சொல்லுங்க” என்று திரும்பிப் போனார்.

அவரைப் போன்றவர்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொள்வதே இல்லையா என்றால், அப்படியில்லை. “சார், ஸ்டாண்டு!” என்ற குரலைக் கேட்காமல் தமிழ்நாட்டில் வண்டி ஓட்டிய ஆள் உண்டா? எங்கோ போகிற, இனி ஒருபோதும் சந்திக்காத ஒருவர், வேகத்தைக் கூட்டிப் பக்கத்தில் வந்து, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார். ஸ்டாண்டு இடப்பக்கம் இருப்பதால், இடப்பக்க வளைவில் வண்டி சாயும்போது அது தரையில் முட்டி ஆளைத் தூக்கி எறிந்துவிடும். அந்த ஒரு வார்த்தை எத்தனை உயிரைக் காத்திருக்கும். புது வண்டிகள் பலவற்றில் ஸ்டாண்டு போட்டிருந்தால் கியர் விழுந்ததும் இன்ஜின் அணைந்துவிடுகிறது. ஆனால் சாலையில் பழைய வண்டிகள் இன்னும் நிறைய. அதேபோல் பகலில் விரல்களைக் குவித்துக் குவித்து விரித்துக் காட்டுவார்கள், லைட் எரிகிறது என்று. 2017 ஏப்ரல் முதல் வரும் இருசக்கர வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது முன்விளக்கு தானாகவே எரியும்; அணைக்க சுவிட்சே கிடையாது. இன்னமும் காட்டுகிறார்கள். முன்பெல்லாம் சலித்துக்கொள்வேன். இப்போது தலையைச் சாய்த்து நன்றி சொல்கிறேன். அவர் சொன்ன தகவல் பழசு, ஆனால் அக்கறை பழசாகவில்லை.

இதைச் செய்வதிலும் முறை இருக்கிறது. ஸ்டாண்டு என்றால் வலப்பக்கமாக வந்து, அரை வண்டி பின்தங்கி, ஒரு சின்ன ஹாரன், பிறகு “ஸ்டாண்டு” என்ற ஒரே சொல். அவர் காலைப் பார்த்துக்கொண்டே கூட ஓட்டக் கூடாது. துப்பட்டா அல்லது சேலைத் தலைப்பு சக்கரத்தின் பக்கம் பறக்கிறது என்றால் கத்தவே கூடாது. “துப்பட்டா!” என்று அலறினால் அந்தப் பெண் பதறித் திரும்பிப் பார்ப்பார், ஓடும் வண்டியிலேயே இழுப்பார், இரண்டுமே விழவைக்கும். முதலில் “அக்கா, வண்டிய ஓரமா நிறுத்துங்க” என்று நிதானமாகச் சொல்ல வேண்டும். நின்ற பிறகு காரணத்தைச் சொல்லலாம்.

‘முன்னால் போலீஸ் நிற்கிறது’ என்று எதிரே வருபவருக்குச் சைகை காட்டுவது ஒன்று இருக்கிறதே, அதை நான் நிறுத்திவிட்டேன். பெரிய வண்டிக்காரர்கள் ஹெல்மெட்டின் உச்சியைத் தட்டிக் காட்டுவார்கள். உதவி என்று நினைத்துத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன். ஆனால் எதிரே வருபவர் குடித்திருக்கிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? பள்ளமோ, எண்ணெய்க் கசிவோ, சாலையில் கிடக்கும் கல்லோ என்றால் காட்டுங்கள். உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, மெல்ல, மெல்ல என்று அழுத்துவது போலக் காட்டினால் படிக்காதவருக்கும் புரியும்.

இப்போது அந்த இரவுக்கு வருகிறேன். ஆத்தூரில் கடைசி டாக்டரைப் பார்த்துவிட்டு, ஒன்பதரை மணிக்குமேல் சேலம் திரும்பிக்கொண்டிருந்தேன். வாழப்பாடி தாண்டி, சாலையோரம் ஒரு ஸ்கூட்டர். பக்கத்தில் சட்டை முழுக்கப் பட்டன் போட்ட ஒருவர், வயது ஐம்பதுக்கு மேல். என் விளக்கு வெளிச்சத்தில் அவர் கையை உயர்த்தினார். நான் அன்று புல்லட்டில் இருந்தேன். என் வலதுகை அசையவில்லை, இடதுகையின் இரண்டு விரல் மட்டும் தானாக உயர்ந்தது. தலையையும் அசைத்தேன். கடந்துவிட்டேன்.

ஒரு கிலோமீட்டர் போயிருப்பேன். கண்ணாடியில் கடைசியாகப் பார்த்தது நினைவில் நின்றது. அவர் கை இறங்கவே இல்லை. வணக்கம் சொல்பவர் கை இறங்கிவிடும். இது நான் போன பிறகும் அப்படியே அந்தரத்தில் நின்றது. யூ டர்ன் வரும்வரை போய்த் திரும்பி, அவரையும் கடந்துபோய் மறுபடி திரும்பி வந்து சேர ஏழெட்டு நிமிடம் ஆனது. தவறான திசையில் இருட்டில் வருவதற்கு மனம் ஒப்பவில்லை. அந்த ஏழெட்டு நிமிடமும் எனக்குப் பொறுக்கவில்லை.

அவர் இப்போது தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. மார்கழிக் குளிரில் அவ்வளவு வியர்வை. விரல்கள் நடுங்கின. பேச்சு குழறியது. குடித்திருக்கிறார் என்று யார் பார்த்தாலும் சொல்வார்கள். பக்கத்தில் போனால் சாராய வாடை இல்லை. நான் விற்பதே சர்க்கரை நோய் மாத்திரைகள்தான். “சுகர் மாத்திரை போடுவீங்களாங்கய்யா?” என்று கேட்டேன். தலையாட்டினார். மாத்திரை போட்டுவிட்டார், சாப்பிடவில்லை; ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது. ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் கணக்கு எழுதுபவர். லோடு லாரி தாமதமாக வந்ததில் சாப்பாடு தள்ளிப்போய்விட்டது. என் பையில் மகளுக்கு வாங்கிய மாம்பழ ஜூஸ் பாட்டில் ஒன்று இருந்தது. விழுங்க முடிகிறதா என்று ஒரு மடக்கு கொடுத்துப் பார்த்தேன்; முடிந்தது. மெல்ல மெல்ல முழுவதும் குடித்தார். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐத்தான் கூப்பிட வேண்டும். இவருக்கு நினைவு இருந்தது. கால் மணி நேரத்தில் வியர்வை நின்று, கண் தெளிந்தது. வீட்டு எண்ணைத் தானே சொன்னார்.

மகன் வந்து சேரும்வரை பேசிக்கொண்டிருந்தோம். குறையாக இல்லாமல், நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். “நாலு வண்டிக்குக் கையத் தூக்குனேங்க தம்பி. ரெண்டு பேரு பாக்காமப் போயிட்டாங்க. ஒருத்தரு கைய ஆட்டிட்டுப் போனாரு. நீங்களும் ஆட்டிட்டுத்தான் போனீங்க.”

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டவற்றில் முக்கியமானது இது. சாலையோரம் வண்டியோடு நிற்கும் யாருக்கும் நான் வணக்கம் சொல்வதில்லை, கேள்வி கேட்கிறேன். வேகத்தைக் குறைத்து, கட்டைவிரலை உயர்த்தி, தலையைச் சாய்த்து ‘சரிதானே?’ என்று காட்டுகிறேன். அவரும் கட்டைவிரலை உயர்த்தினால் போய்விடலாம். அவர் செய்வது வேறு எதுவாக இருந்தாலும், வெறும் உள்ளங்கை என்றாலும், அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாலும், நிற்க வேண்டும். நாமே ஓரமாக நின்று போன் பேசுகிறோம், ஒருவர் வேகம் குறைத்துப் பார்க்கிறார் என்றால், கட்டைவிரலைத் தெளிவாகக் காட்டி அவரை அனுப்பிவிட வேண்டும். கையை ஆட்டாதீர்கள்.

நிற்பதிலும் கவனம் வேண்டும். என் கொழுந்தியாள் அரசு மருத்துவமனையில் நர்ஸ். இரவுப் பணி முடித்து ஸ்கூட்டரில் தனியாக வருபவள். அவளிடம் கேட்டேன். “நடுராத்திரில வண்டி நின்னுபோயி நான் நிக்கறேன்னு வைங்க மாமா. ஹெல்மெட்டோட ஒருத்தர் இறங்கி வந்தா, உதவிக்கு வந்தாலும் எனக்கு பயந்தான். பத்தடி தள்ளி நிறுத்துங்க. வண்டிய விட்டு இறங்காதீங்க. ஹெல்மெட்டக் கழட்டிட்டு, யாருக்காச்சும் போன் பண்ணணுமான்னு மட்டும் கேளுங்க. வேண்டாம்னா கிளம்பிடுங்க” என்றாள். பெண் என்றில்லை, இப்போது எல்லாருக்கும் அப்படியே செய்கிறேன். சாலையை விட்டு முழுக்க இறக்கி நிறுத்தி, இண்டிகேட்டர் போட்டு, முகம் தெரியும்படி ஹெல்மெட்டைக் கழற்றி, முதலில் குரல் கொடுக்கிறேன். இருட்டில் ஏதோ சரியில்லை என்று பட்டால் அடுத்த பெட்ரோல் பங்கில் நிறுத்தி, தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணுக்குச் சொல்லலாம். அடிபட்டவரைத் தொட்டால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று இன்னும் பலர் பயந்து ஒதுங்குகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது 134ஏ என்ற பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்கு போட முடியாது; விருப்பம் இல்லையென்றால் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

டேங்க் பையின் முன்னறையில் இப்போது ஒரு குளுக்கோஸ் பவுடர் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் எப்போதும் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாக்கெட்டை மாற்றிவிடுவேன், வெயிலில் கட்டியாகிவிடுகிறது. போன வாரம் அயோத்தியாப்பட்டணம் பக்கம் நின்றிருந்த ஒரு பையனுக்குக் கட்டைவிரலைக் காட்டினேன். அவன் இரண்டு கையாலும் செயினைத் தூக்கிக் காட்டினான், அறுந்து தொங்கியது. ஓரங்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றினேன்.